பம்பையும் டிரான்ஸும்

ராஜகுளம் மாணவன், இரண்டாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்குப் படைப்பு கேட்டு மலர்க் குழுவினர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "கவிதையா, கட்டுரையா?" என்று கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. கட்டுரை என்றால் 'மாணவர் கடமை', 'காலம் பொன் போன்றது' என்றுதான் எழுத வேண்டும் போலிருக்கிறது. அதையெல்லாம் என்னைவிட அழகாக எழுதுகிறவர்கள் சிவில் பிரிவில் இருக்கிறார்கள். நான் டிரான்ஸ் இசையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "அது என்ன பாடத்துல வருதா?" என்று ஒருவர் கேட்டார். ஓரளவுக்கு வரத்தான் செய்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நடந்த கதையைச் சொல்லி விடுகிறேன்.

ஆண்டு விழாவுக்கு என்ன கலை நிகழ்ச்சி வைக்கலாம் என்று நம் சங்கம் கூட்டிய கூட்டத்தில் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். டி.ஜே. வேண்டும், லேசர் லைட் வேண்டும், சினிமாப் பாட்டு மட்டும் போடாமல் டிரான்ஸ் போட வேண்டும் என்பது பெரும்பான்மையோர் கருத்து. அப்போது மெக்கானிக்கல் அண்ணன் ஒருவர் எழுந்து, "ஒரு அரை மணி நேரம் நம்ம ஊர் பம்பை உடுக்கை செட்டு வைக்கலாமே?" என்றார். அவ்வளவுதான்! "இது காலேஜா, கூழ் ஊத்துற எடமா?" என்று ஒரு குரல். "யாருக்காவது சாமி வந்துட்டா எச்.ஓ.டி.யா வந்து வேப்பிலை அடிப்பாரு?" என்று இன்னொரு குரல். ஹாலே சிரித்தது. பாவம், அந்த அண்ணனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து விட்டார். நானும் சிரித்தேன்.

நான் சிரித்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஏனென்றால் என் அப்பா பம்பைக்காரர்.

மற்ற நாட்களில் கட்டட வேலைக்குப் போவார். சித்திரையும் ஆடியும் வந்துவிட்டால் பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு செட்டோடு கிளம்பி விடுவார். உத்திரமேரூர் பக்கம் கூழ் வார்த்தல், தீமிதி, அக்னி வசந்தம் எதுவானாலும் பம்பை இல்லாமல் கரகம் எழும்பாது. கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். படித்தவன் வீட்டில் பம்பை இருக்கலாமா என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது, நாம் கேட்ட டிரான்ஸுக்கு என்ன அர்த்தம் என்று போனில் பார்த்தேன். கடந்து போவது என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து வந்த வார்த்தையாம். தன்னிலை கடந்து போவது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் மருள் வருவது, சாமி வருவது! எச்.ஓ.டி. வேப்பிலை அடிக்க வேண்டும் என்று சிரித்தோமே, அதே சமாசாரத்தைத்தான் லேசர் லைட்டோடு கேட்டிருக்கிறோம். அன்றிலிருந்து இதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஆயிற்று. செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

டிரான்ஸ் கேட்காதவர்களுக்காக நாலு வரி. நிமிடத்துக்கு 130 முதல் 150 வரை ஒரே சீராக 'தும் தும் தும் தும்' என்று அடி விழும். பாட்டு வரிகள் பெரும்பாலும் இருக்காது. பதினாறு சின்னத் துண்டுகளாக வெட்டிய ஒரு ஸ்வர வரிசை திரும்பத் திரும்ப வரும். வரிசை மாறாது, அதன் நிறம் மட்டும் மெல்ல மெல்ல மாறும். திடீரென்று அடி நின்று போகும், எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள், பிறகு மொத்தமாக வந்து விழும்.

இதற்கு ஒரே ஊர், ஒரே தகப்பன் என்று சொல்ல முடியாது. 1977-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஜார்ஜியோ மொரோடர் என்ற இத்தாலியர், டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' பாட்டுக்கு கிட்டார் கிடையாது, வயலின் கிடையாது என்று சிந்தசைசரை வைத்தே இசை அமைத்தார். எந்திரத்தின் துடிப்புக்கு ஆடலாம் என்பதை உலகமே அதில் தெரிந்துகொண்டது. 1980-களின் கடைசியில் இங்கிலாந்தில் 'கே.எல்.எஃப்.' என்ற இருவர் குழு தங்கள் 1988 இசைத்தட்டுக்கு 'பியூர் டிரான்ஸ்' என்றே துணைப்பெயர் போட்டது. 1990-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் 'டான்ஸ் டூ டிரான்ஸ்' என்ற குழு தொடங்கியது. அதே ஆண்டு வெளியான 'ஏஜ் ஆஃப் லவ்' என்ற இசையை 1992-ல் ஜாம் அண்ட் ஸ்பூன் இருவரும் மறுபடி செய்து கொடுத்தது இன்றும் ஓடுகிறது. டிரான்ஸ் என்றால் ஜெர்மனி என்று சொல்வதற்கு இவையே காரணம்.

ஆனால் அதற்குள் இன்னொரு பக்கம் கோவா இருந்தது. 1961 வரை போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்த கோவாவுக்கு 1960-களின் கடைசியிலிருந்தே வெள்ளைக்கார ஹிப்பிகள் வந்து அஞ்சுணா கடற்கரையில் தங்கினார்கள். பௌர்ணமி இரவுகளில் கிட்டாரும் ராக் பாட்டும். 1980-களின் முதல் பாதியில் லோரான் போன்ற ஃப்ரெஞ்சு டி.ஜே.க்கள் ராக்கை நிறுத்திவிட்டு எந்திர இசையைப் போட ஆரம்பித்தார்கள். வெயிலிலும் மணலிலும் இசைத்தட்டு கோணிக்கொள்ளும் என்பதால் எல்லாம் கேசட்டில்தான். பாட்டில் வார்த்தை வருகிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு, துடிப்பு இருக்கிற இடத்தை மட்டும் ஒட்டி நீளமாக்கி விடிய விடிய ஓட்டினார்கள். வார்த்தையை வெட்டியதுதான் விஷயமே! கலிபோர்னியாவில் பிறந்து 1970-ல் இந்தியா வந்த கோவா கில் என்பவர் ஜூனா அகாடாவில் சாதுவானார். 24 மணி நேரம்கூடத் தொடர்ந்து இசை போடுவார். பழங்குடிச் சடங்கைத்தான் புதிய காலத்துக்கு ஏற்ப நடத்துகிறேன் என்பது அவர் வாதம். 2023 அக்டோபரில் கோவாவிலேயே காலமானார். 1994 டிசம்பரில் பால் ஓக்கன்ஃபோல்டு என்ற டி.ஜே. பி.பி.சி. வானொலியில் 'கோவா மிக்ஸ்' என்று இரண்டு மணி நேரம் ஒலிபரப்பிய பிறகு கோவா என்பது ஊர்ப் பெயர் போய் இசையின் பெயர் ஆகிவிட்டது.

இதில் எனக்கு ஒரு வருத்தம். அந்த இசைத்தட்டு அட்டைகளில் ஓம் இருக்கும், சிவன் இருப்பார், பிள்ளையார் பச்சையும் சிவப்புமாக ஒளிர்வார். நடுவில் சமஸ்கிருத மந்திரமும் சிதார் சத்தமும் வரும. ஆனால் கோவாக்காரர்களுக்கென்று குமோட் என்று ஒரு மண்பானை மேளம் உண்டு. 2019-ல் கோவா அரசு அதைப் பாரம்பரிய இசைக்கருவியாக அறிவித்தது. நான் கேட்ட கோவா டிரான்ஸ் எதிலும் அந்தச் சத்தம் இல்லை. உள்ளூர்ப் பெண்கள் ஆட்டம் நடக்கும் இடத்தைச் சுற்றிப் பாய் விரித்து, சிம்னி விளக்கு வைத்து, டீ விற்றார்கள். அவர்களைப் பற்றி எழுதாத புத்தகமே இல்லை. அவ்வளவு பாசமாக எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டு மேளத்தை யாரும் கேட்டு வாங்கி வாசிக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

வெள்ளைக்காரனைக் குறை சொல்லி முடித்துவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்து விடும். நம் சங்கக் கூட்டத்தில் வெள்ளைக்காரன் யாரும் இல்லையே!

இப்போது நம் பாடத்துக்கு வருகிறேன். 1981-ல் ஜப்பானின் ரோலண்டு கம்பெனி 'டி.பி. 303' என்று ஒரு சின்னப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. தனியாகக் கிட்டார் வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் அது. ஆனால் அதன் சத்தம் பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை. தவளை கத்துகிற மாதிரி இருந்தது. யாரும் வாங்கவில்லை. சுமார் 10,000 பெட்டிகள் செய்துவிட்டு 1984-ல் நிறுத்தி விட்டார்கள். அடகுக் கடையிலும் பழைய சாமான் கடையிலும் மலிவாகக் கிடந்ததை சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் வாங்கி, குமிழ்களைக் கன்னாபின்னாவென்று திருகிப் பார்த்தார்கள். 1987-ல் 'ஃபியூச்சர்' என்ற குழுவின் 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளிவந்தது. அந்த நெளியும் சத்தம்தான் பிறகு டிரான்ஸின் ரத்த நாளம் ஆயிற்று.

உள்ளே என்ன இருக்கிறது? ஒரே ஒரு ஆசிலேட்டர். அதன் பின்னால் ஒரு லோ பாஸ் ஃபில்டர். கட் ஆஃப் குமிழைத் திருகினால் சத்தம் மூடியிருந்து திறக்கிறது. ரெசனன்ஸைக் கூட்டினால் கட் ஆஃப் பக்கத்து அலைவரிசை மட்டும் எழும்பி மூக்கால் அழுகிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போக 'ஸ்லைடு' என்று ஒன்று உண்டு. அது வேறொன்றும் இல்லை, கன்ட்ரோல் வோல்டேஜ் சட்டென்று மாறாமல் ஒரு ஆர்.சி. சர்க்யூட் வழியாக மெல்ல ஏறுகிறது. முதலாண்டில் கெப்பாசிட்டர் சார்ஜாகும் அந்த வளைகோட்டை கிராஃப் ஷீட்டில் வரைந்தோமே, அதுதான். என் ரெக்கார்டு நோட்டில் அந்த வளைவு கோணலாக இருந்ததற்கு இரண்டு மார்க் போயிற்று.

இனி, நான் யாரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேனோ அவர். பெயர் சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா இசைக் குழுக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவர். ஆர்.டி. பர்மன், சங்கர் ஜெய்கிஷன், லட்சுமிகாந்த் பியாரேலால் என்று பெரியவர்களின் ரிக்கார்டிங்குகளில் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர். அட்டையில் பெயர் வராத வேலை அது. சிங்கப்பூர் போனபோது ரோலண்டு எந்திரங்களை வாங்கி வந்தார். 303, அதோடு ஜூபிடர் 8 என்ற சிந்தசைசர். 808 என்ற தாள எந்திரமும் அவரிடம் இருந்தது. அப்போது இந்திப் படங்களில் டிஸ்கோ பைத்தியம். 1980-ல் 'குர்பானி' படத்தில் பிட்டுவின் இசையில் நாஜியா ஹசன் பாடியது நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. 1982 கடைசியில் 'டிஸ்கோ டான்சர்' வந்தது. சிங்குக்கு ஒரு யோசனை. தபலாவை ஓரம் கட்டிவிட்டு டிஸ்கோ அடியின் மேல் சுத்தமான ராகத்தை வாசித்தால் என்ன?

'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று 1982-ல் அது ஹெச்.எம்.வி. இசைத்தட்டாக வெளிவந்தது. பத்து ராகம். முதலில் பைரவ், நம் மாயாமாளவகௌளை. பூபாளி இருக்கிறது (நம்மூர் பூபாளம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், அது நம் மோகனம்). யமன் நம் கல்யாணி, மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். போனில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். 303-ன் ஸ்லைடு ராகத்தின் வளைவுகளுக்கென்றே செய்தது மாதிரி நெளிகிறது. அடி நிற்காமல் போகிறது, அதன் மேல் ஸ்வரம் சுற்றிச் சுற்றி வருகிறது. சிகாகோவில் ஆசிட் ட்ராக்ஸ் வருவதற்கு ஐந்து வருடம் முன்னால்! ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு எட்டு வருடம் முன்னால்!

இசைத்தட்டு விற்கவில்லை. டிஸ்கோக்காரர்களுக்கு அது பாட்டில்லாத இசை. சாஸ்திரீய சங்கீதக்காரர்களுக்கு அது எந்திரச் சத்தம். சிங் தன் பாட்டுக்குக் கச்சேரி வாசிக்கப் போய்விட்டார். இருபது வருடம் கழித்து, 2002-ல், எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு பழைய கடையில் அந்தத் தட்டைப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். 2010-ல் அவரே அதை மறுபடி வெளியிட்டார். ஐரோப்பாவில் கேட்டவர்கள் நம்பவில்லை. இது 1982-ல் வந்திருக்க முடியாது, யாரோ புதிதாகச் செய்துவிட்டு பழசு என்று ஏமாற்றுகிறார்கள் என்றார்கள். ஒரு பம்பாய்க்காரரின் சொந்த வேலை என்பதைவிட அது ஒரு வெள்ளைக்காரரின் விளையாட்டு என்பது அவர்களுக்கு நம்பச் சுலபமாக இருந்திருக்கிறது. அப்புறம் எழுபது வயதைத் தாண்டிய சிங்கை அழைத்துப் போய் அங்கே மேடையேற்றினார்கள். 2015 ஜூலையில் மும்பையில் இறந்து போனார்.

இதைச் சொன்னதும் என் நண்பன் ஒருவன், "அப்போ டிரான்ஸை நாமதான் கண்டுபிடிச்சோம்னு எழுது மச்சி" என்றான். எழுத மாட்டேன். அது உண்மையில்லை. சிகாகோ பையன்கள் சிங்கின் தட்டைக் கேட்டதே இல்லை. ஜெர்மானியர்களும் கேட்டதில்லை. அவரவர் அவரவர் ஊரில் ஒரே பெட்டியின் குமிழைத் திருகினார்கள். எல்லாம் நம்மிடமிருந்துதான் போனது, விமானம் நம்முடையது, அணுகுண்டு நம்முடையது என்று மார்தட்டுவது ஒரு வியாதி. சிங்கின் கதையில் நாம் மார்தட்ட ஒன்றும் இல்லை. இங்கே ஒருவர் செய்தார், இங்கே யாரும் காது கொடுக்கவில்லை. கண்டுபிடிப்பதற்கு நம்மிடம் ஆள் இருந்தது. கேட்பதற்கு இல்லை. அதற்கு ஒரு டச்சுக்காரர் தேவைப்பட்டார். இதுதான் என் கருத்து. நம் சங்கக் கூட்டத்தில் நடந்ததற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே சொல்லுங்கள். (தமிழில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தின் தீம் இசைக்கு இளையராஜா கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியதை நம் ஆட்கள் கேட்டார்கள். சினிமாவில் வந்தால் கேட்போம்.)

சாமி ஆடுவது நமக்குப் புதிதா என்ன? வேலன் வந்து முருகனுக்கு ஆடும் வெறியாட்டு சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் சாலினி தெய்வமேறி ஆடுகிறாள். பத்தாம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினால் இலக்கியம். அதுவே எங்கள் தெரு கங்கையம்மன் கோயிலில் நடந்தால் பட்டிக்காடு.

கருவியைப் பாருங்கள். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை விரல் அமுக்கும்போது தோல் இறுகி ஸ்வரம் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. அது ஸ்லைடு இல்லாமல் வேறென்ன? பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம். அடி ஒன்று தரையில் நிற்க, இன்னொன்று அதன் மேல் சுழலும். கூடவே கைச்சிலம்பு இடைவிடாமல் 'சல் சல்' என்று வரும். டிரான்ஸில் ஹைஹாட் செய்கிற வேலை அது.

ஆனால் தாளம் மட்டுமே ஆளை ஆட வைத்து விடுமா? 1960-களில் ஆண்ட்ரூ நெஹர் என்பவர் முரசின் துடிப்பு மூளையின் மின்அலையைத் தன் வேகத்துக்கு இழுக்கிறது, அதனால்தான் ஆட்டம் வருகிறது என்று வாதிட்டார். கில்பர்ட் ரூஜே என்ற ஃப்ரெஞ்சு ஆய்வாளர் 1980-ல் இதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி, அப்படி இல்லை என்றார். சத்தம் ஒரு சுவிட்ச் அல்ல. எந்தச் சாமி, எந்த நாள், யார் கூடியிருக்கிறார்கள், என்ன பாட்டு என்பதெல்லாம் சேர்ந்தால்தான் வரும். மொராக்கோவில் க்னாவா கலைஞர்கள் விடிய விடிய வாசிக்கும்போதும் ஒவ்வொரு ஆவிக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு என்கிறார்கள். நான் அப்பாவிடம் இதைக் கேட்டேன். முதல் தடவையாக அவர் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"எல்லாருக்கும் வராதுடா. வர்ணிப்புல யாருக்கு எந்தப் பேரு சொன்னா உள்ள அசையுமோ அத்த சொல்லணும். நான் கைய பாக்க மாட்டேன். ஆடறவங்க கால பாப்பேன். கால் கட்டை வெரல் தரைய அழுத்திச்சின்னா வரப்போவுதுன்னு அர்த்தம். அப்ப ஏத்தணும். ஜாஸ்தி ஏத்திட்டா வுழுந்துடுவாங்க. வந்தது மலையேறணும் இல்ல, அதுக்கும் அடி இருக்குது" என்றார்.

நல்ல டி.ஜே.யும் இதைத்தான் செய்கிறார். கூட்டத்தைப் பார்க்கிறார், ஏற்றுகிறார், இறக்குகிறார். அப்பாவுக்கு எழுதிய காகிதம் ஒன்றும் கிடையாது. வர்ணிப்பு முழுவதும் மனதில். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்த பிறகு இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று அஞ்சுணா பார்ட்டிகளுக்கு வந்த அதே தடை எங்கள் ஊர்த் திருவிழா மைக் செட்டுக்கும் வந்தது. ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு மட்டும் அரசு அனுமதி தரலாம். மைக் போனால் அப்பாவுக்கு ஒன்றும் குறையவில்லை. பம்பைக்கு மைக் எதற்கு!

இனி என் எந்திரத்தைப் பற்றி. 303 வாங்க இப்போது லட்சக்கணக்கில் வேண்டும். ரிச்சி தெருவில் ஒரு 555, ஒரு 4017, எட்டு பிரீசெட் வாங்கினேன். 555 கடிகாரம் மாதிரி துடிக்க, 4017 ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கால் முன்னேறும்; எட்டாவது தாண்டியதும் ரீசெட். ஒவ்வொரு காலிலும் ஒரு பிரீசெட், அந்த வோல்டேஜ் இன்னொரு 555-ன் ஸ்வரத்தை மாற்றும். நிமிடத்துக்கு 140 அடி, அடிக்கு நாலு துண்டு என்றால் நொடிக்கு 9.3 துடிப்பு வேண்டும். 10 மைக்ரோஃபாரட், 1 கே, 10 கே பிரீசெட். கணக்கு சரியாக வந்தது. பழைய ரேடியோ ஸ்பீக்கரில் போட்டதும் 'டொய்ங் டொய்ங்' என்று தவளை கத்த ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம்!

அப்பா வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பம்பையை எடுத்து அதோடு சேர்ந்து அடித்துப் பார்த்தார். இரண்டு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர் ஏற்றினார். எந்திரம் ஏறவில்லை. அவர் இறக்கினார். அதுவும் இறங்கவில்லை. "இன்னாடா இது, அது பாட்டுக்குப் போய்னே இருக்குது? செவுடா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஒரு வாரம் யோசித்தேன். பிறகு கடிகாரத்துக்காக வைத்த 555-ஐப் பிடுங்கி விட்டேன். பஸ்ஸருக்குள் இருக்குமே பீஸோ தகடு, அதை பம்பையின் கட்டையில் டேப் போட்டு ஒட்டி, ஒரு பி.சி. 547 வழியாக 4017-க்குக் கொடுத்தேன். அப்பா ஒரு அடி அடித்தால் எந்திரம் ஒரு காலடி வைக்க வேண்டும். முதலில் ஒரு அடிக்கு மூன்று காலடி வைத்துத் தாவியது. கட்டையின் அதிர்வு அடங்குவதற்குள் மறுபடி மறுபடி எண்ணி விடுகிறது. பிடுங்கிய அதே 555-ஐ மோனோஸ்டேபிளாக மாற்றி நடுவில் வைத்தேன். 10 மைக்ரோஃபாரட், 4.7 கே, 1.1 ஆர்.சி. கணக்கில் 50 மில்லி செகண்டுக்கு அடுத்த துடிப்பை அது தடுத்து விடும். இப்போது அப்பா ஏற்றினால் ஸ்வரம் ஏறி ஓடுகிறது. தளர்த்தினால் தளர்கிறது. கையை எடுத்தால் கடைசி ஸ்வரத்திலேயே ஒத்து மாதிரி நின்று காத்திருக்கிறது. அப்பா இரண்டு மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி அடித்துப் பார்த்தார். "இப்பதான் இதுக்குக் காது கேக்குது" என்றார்.

இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பம்பையின் இரண்டு மேளத்தையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை, உடுக்கைச் சத்தத்துக்கும் சில சமயம் அசைந்து விடுகிறது. ஃபில்டர் இன்னும் போடவில்லை. ஓப்-ஆம்ப் தெரிந்த மூன்றாமாண்டு அண்ணன்மார்கள் யாராவது ஒரு நாள் லேபில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த ஆண்டு விழாவுக்குக் கூட்டம் போடும்போது நான் எழுந்து கேட்கப் போகிறேன். டி.ஜே. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் டிரான்ஸ் பிடிக்கும், ஆடவும் ஆடுவேன். அவருக்கு முன்னால் அரை மணி நேரம் போதும். பம்பை செட்டுக்கு ஆள் எங்கே பிடிப்பது, எவ்வளவு கேட்பார்கள் என்று சங்கம் அலைய வேண்டியதில்லை. ஆடி மாதம் மட்டும் தேதி கிடைப்பது கஷ்டம். மற்ற மாதம் என்றால் முதல் நாள் ராத்திரி சொன்னால் போதும், நானே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்.